38 என்னும் பொய்ச்சாட்சி

பூந்தமல்லியிலும் திருமழிசையிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் சிறு பட்டறை வைத்திருப்பவர்களிடையே சில வாரங்களாக ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதி கைமாறிக்கொண்டிருக்கிறது. தொழில் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடிப்பவர், லேமினேஷன் போடுபவர், இரும்புச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பவர் என மேற்பரப்பை நம்பிப் பிழைக்கும் எல்லாருக்கும் அது ஒரே தீர்ப்பைப் படித்துக் காட்டுகிறது: திடப்பொருளின் பரப்பு இழுவிசை என்பது அதன் எடையைப் போல உறுதியான எண், அதை அளக்கும் வழியை 1805லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், டைன் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் இரண்டே விநாடியில் அந்த எண் கைக்கு வந்துவிடும், 38 வந்த ஃபிலிமில் மை ஒட்டவில்லை என்றால் குற்றம் அச்சடித்தவன் கையில், ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரில் பேனாவின் அளவையே இறுதிச் சாட்சியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் எழுதியது அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. விற்பனைப் பிரதிநிதிகள் ஆண்டுக்கணக்கில் வாயால் சொல்லிவந்ததை அவர் அறிவியல் உடுப்பு மாட்டி அச்சில் ஏற்றியிருக்கிறார், அவ்வளவே. அந்த உடுப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இயற்பியல் இல்லை, ஒரு ஒப்பந்த விதி மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்பதே என் வாதம். அந்த விதியால் நட்டப்படப்போவது யார் என்பதும் தெளிவாகத் தெரிகிற விஷயம்தான்.

இத்துறைக்குப் புதியவருக்காக ஒரு வார்த்தை. காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட் பாலிஎத்திலீன். அது இயல்பில் எதையும் ஒட்டவிடாத பொருள். தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாகத் திரளும், மையை அடித்தால் விரலோடு வரும். எனவே ஃபிலிம் தயாராகும்போதே அதன் முகத்தில் உயர் மின்னழுத்த மின்பொறியைப் பாய்ச்சுகிறார்கள். கரோனா ட்ரீட்மெண்ட் என்பது இதுதான். மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறுகிறது, மை பரவ இடம் கொடுக்கிறது. எவ்வளவு ஏறியது என்று பார்க்கத்தான் டைன் பேனா. 30, 32, 34 என்று படிப்படியாகப் பரப்பு இழுவிசை கூடிய திரவங்களைத் தனித்தனிப் பேனாக்களில் அடைத்து வைத்திருப்பார்கள். ஏறுவரிசையில் கடைசியாக எந்தப் பேனாவின் கோடு இரண்டு விநாடி உடையாமல் நிற்கிறதோ அந்தப் பேனாவின் எண்ணை ஃபிலிமின் எண்ணாக எழுதிக்கொள்கிறார்கள். அச்சுத் தொழிலில் வழக்கமாகக் கேட்கப்படும் எண் 38, அதாவது சென்டிமீட்டருக்கு 38 டைன். நடைமுறை இவ்வளவுதான். இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இந்த நடைமுறையைப் பிடித்துக்கொண்டு, திடப்பொருளின் அந்தரங்கத்தையே அளந்துவிட்டதாக மார்தட்டும்போதுதான் சண்டை.

கட்டுரையாளர் முதலில் தாமஸ் யங்கைச் சாட்சிக்கு அழைக்கிறார். யங் 1805இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் திரவங்களின் ஒட்டுறவைப் பற்றி எழுதினார் என்பது உண்மை. ஆனால் அவர் எழுதியதைக் கட்டுரையாளர் படித்திருக்கிறாரா என்பதில் எனக்குப் பலத்த ஐயம் உண்டு. இன்று யங் சமன்பாடு என்று நாம் எழுதுவதை யங் சமன்பாடாக எழுதவே இல்லை, சொற்களால்தான் விளக்கினார். அந்த விளக்கத்தின் சாரம் இது: திடத்தின் மேல் ஒரு துளி உட்கார்ந்திருக்கும்போது, அதன் விளிம்பில் மூன்று இழுவிசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. திடத்துக்கும் காற்றுக்கும் இடையே ஒன்று, திடத்துக்கும் திரவத்துக்கும் இடையே ஒன்று, திரவத்துக்கும் காற்றுக்கும் இடையே ஒன்று. துளி திடத்தோடு அமைக்கும் சேர்கோணம் இந்த மூன்றின் கணக்கைச் சொல்கிறது. இதில் நம்மால் அளக்க முடிந்தவை எவை? திரவத்தின் இழுவிசையை அளக்கலாம். தந்துகிக் குழாயை வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே அதைச் செய்கிறோம். சேர்கோணத்தை அளக்கலாம். மிச்சமிருக்கும் இரண்டும், அதாவது திடம் சம்பந்தப்பட்ட இரண்டுமே, தெரியாத கணியங்கள். ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாதவை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படித்த பிள்ளை இதைத் தீர்க்க முடியாது என்று சொல்லிவிடும். அளவியலைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கும் ஒருவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

அந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் இரண்டு தலைமுறை வேதியியலாளர்கள் பாலம் பாலமாகப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் சிஸ்மனும் அவருடைய குழுவினரும் 1950களில் ஒரே திடத்தின் மீது பல திரவங்களின் துளிகளை வைத்துச் சேர்கோணங்களை அளந்தார்கள். திரவத்தின் இழுவிசை குறையக் குறைய அது மேலும் மேலும் பரவியது. கோணம் பூச்சியமாகும் புள்ளிவரை கோட்டை நீட்டி, அங்கே வரும் இழுவிசைக்கு ‘நனைதலின் மாறுநிலை இழுவிசை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பாலிஎத்திலீனுக்கு 31 அளவில் வந்தது, டெஃப்லானுக்கு 18 அளவில். டைன் பேனாவின் தத்துவம் முழுக்க இந்த ஒற்றைப் புள்ளியில்தான் தொங்குகிறது. அப்படிக் கண்டுபிடித்த சிஸ்மனே இது திடத்தின் பரப்பு இழுவிசை என்று சொல்லவில்லை. அனுபவத்தில் கிடைத்த ஓர் அளபுரு என்றுதான் எச்சரிக்கையோடு சொன்னார். வீட்டைக் கட்டியவர் இது குடிசை என்கிறார், வாடகைக்கு வந்தவர் அரண்மனை என்று பலகை மாட்டுகிறார்!

1964இல் ஃபௌக்ஸ், 1969இல் ஓவன்ஸும் வென்ட்டும், 1980களில் வான் ஆஸ், மனோஜ் சௌதுரி, குட் ஆகிய மூவர் என அடுத்தடுத்து வந்தவர்கள் இழுவிசையைக் கூறுகளாகப் பிரித்து, இரண்டு மூன்று திரவங்களை வைத்து அந்தத் தெரியாத கணியங்களைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஊகத்தின் மேல் எழும்பிய கோட்பாடு. ஊகத்தை மாற்றினால் எண் மாறும். கடைசியாகச் சொன்ன மூவர் முறையிலோ எந்தத் திரவங்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை வைத்தே விடை ஆடும். பாலிஎத்திலீனை உருக்கி, உருகிய நிலையில் நேராக அளந்து, வெப்பநிலையோடு அது குறையும் வீதத்தை வைத்து அறை வெப்பநிலைக்குக் கணக்கிட்டால் 35, 36 வருகிறது. அதே பொருளுக்குச் சிஸ்மன் வழியில் 31. எடையைப் போல உறுதியான எண் என்றாரே, எந்தத் தராசில் ஒரே மூட்டை ஒரு பக்கம் 31 கிலோவும் மறுபக்கம் 36 கிலோவும் காட்டும்?

மணிமேகலையில் தருக்கம் பேசும் காதையைப் புரட்டியவர்களுக்குப் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையும், ஒவ்வொன்றுக்கும் உரிய போலிகளும் தெரிந்திருக்கும். மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்க நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அடுக்களையில் புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். கட்டுரையாளரின் அனுமானத்தில் பேனாவின் கோடு உடையாமல் நிற்பது புகை. ஃபிலிமின் இழுவிசை 38 என்பது நெருப்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த அடுக்களை எது? அறை வெப்பநிலையில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமின் பரப்பு இழுவிசையைத் திரவத்தின் துணையே இல்லாமல் அளந்து, அதைப் பேனாவோடு ஒப்பிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நிறுவிய இடத்தை அவர் காட்டவில்லை. நிரூபிக்க வேண்டியதையே நிரூபணமாக வைத்துக் கட்டுரையை நடத்தியிருக்கிறார். இதைத்தான் நம்மவர்கள் ஏதுப் போலி என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வகைப்படுத்தி ஓரமாக உட்காரவைத்தார்கள்.

சேர்கோணம் திடத்தின் ஆழ்ந்த இயல்பை மட்டுமே சொல்கிறது என்ற நம்பிக்கைக்குத் தாமரை இலையே போதிய மறுப்பு. அந்த இலையின் மேல்பூச்சு வெறும் மெழுகு. அதுபோன்ற மெழுகைச் சமதளத்தில் பூசித் தண்ணீர்த் துளி வைத்தால் கோணம் ஏறக்குறைய 110 டிகிரி. இலையின் மேலோ 150ஐத் தாண்டுகிறது. பொருள் மாறவில்லை, மெழுகு நுண்ணிய மேடுகளாக நிற்பதும், துளி அவற்றுக்கிடையே சிக்கிய காற்றின் மேல் பாதி உட்கார்ந்திருப்பதும்தான் வேறுபாடு. வென்ஸல் 1936லும், காஸியும் பாக்ஸ்டரும் 1944லும் சொரசொரப்பு கோணத்தை எப்படி மாற்றுகிறது என்று எழுதிவைத்துவிட்டார்கள். துளியை ஊதிப் பெரிதாக்கும்போது ஒரு கோணம், உறிஞ்சிச் சிறிதாக்கும்போது வேறு கோணம் என்ற உண்மையும் பழசு. இவற்றில் எது ‘உண்மையான’ கோணம்? கட்டுரையில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. தெரிந்து மறைத்தாரா, தெரியாமலே கடந்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டில் எதுவும் அவருக்குப் பெருமை சேர்க்காது.

இதைவிட ஆழமான பிழை ஒன்று கட்டுரையின் அடித்தளத்திலேயே கிடக்கிறது. திரவத்துக்குச் சொல்வதெல்லாம் திடத்துக்கும் பொருந்தும் என்று அவர் ஒரே தாவலில் கடந்துவிடுகிறார். திரவத்தில் ஒரு புதிய பரப்பை உண்டாக்கினாலும், இருக்கும் பரப்பை இழுத்து விரித்தாலும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் ஓடிவந்து இடத்தை நிரப்பிவிடும். திடத்தில் அப்படி ஓடிவர முடியாது. ஒரு படிகத்தை வெட்டிப் புதுப் பரப்பை உண்டாக்குவது ஒரு வேலை, இருக்கும் பரப்பின் அணுக்களை ஒன்றுக்கொன்று விலக்கி இழுப்பது முற்றிலும் வேறொரு வேலை. கிப்ஸ் 1870களிலேயே இந்த வேறுபாட்டைச் சுட்டிவிட்டார். ஷட்டில்வொர்த் 1950இல் திடங்களின் பரப்பு இழுவிசை பற்றிய தம் கட்டுரையில் இரண்டுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாகவே எழுதினார்: பரப்பின் தகைவு என்பது பரப்பின் ஆற்றலோடு, பரப்பு விரியும்போது அந்த ஆற்றல் மாறும் வீதத்தையும் சேர்த்தது. இரண்டாவது கூறு திரவத்தில் பூச்சியம். திடத்தில் அது நேராகவும் இருக்கலாம், எதிராகவும் இருக்கலாம், முதல் கூறைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அப்படியானால் கட்டுரையாளரின் பேனா இந்த இரண்டில் எதை அளந்தது? பரப்பின் தகைவை அது தொடவே இல்லை. ஆற்றலையும் மேலே சொன்ன ஊகங்களின் வழியாகத்தான் எட்டிப் பார்த்தது. அறிவியல் என்ற சொல்லை ஒவ்வொரு பத்தியிலும் இழைத்திருப்பவர், தாம் அளப்பது எது என்று ஒரு வரியில் வரையறுக்கக்கூட மெனக்கெடவில்லை.

அடுத்து உலோகங்களை இழுத்துவருகிறார். திடத்தின் இழுவிசையை நேராகவே அளந்திருக்கிறார்கள், ஆகவே ஐயத்துக்கு இடமில்லை என்பது அவருடைய இன்னொரு சாட்சி. அளந்தது உண்மைதான். எப்படி அளந்தார்கள் என்பதை மட்டும் வாசகருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன். 1949இல் யூடின், ஷேலர், வுல்ஃப் மூவரும் மெல்லிய செம்புக் கம்பிகளில் சிறுசிறு எடைகளைத் தொங்கவிட்டு, செம்பின் உருகுநிலைக்குச் சற்றே கீழே, 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் செம்பு உருகவில்லை, ஆனால் அணுக்கள் மெல்ல நகரும். எடை குறைந்த கம்பி தன் பரப்பைச் சுருக்கிக்கொண்டு குட்டையானது, எடை கூடிய கம்பி நீண்டது. நீளவும் செய்யாமல் குறுகவும் செய்யாமல் நிற்கும் எடை எதுவோ அதிலிருந்து பரப்பின் இழுப்பைக் கணக்கிட்டார்கள். வந்த எண் மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 நியூட்டன். கட்டுரையாளரின் டைன் கணக்கில் சொன்னால் 1400.

அழகான சோதனை, அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? திடம் கிட்டத்தட்டத் திரவம்போல் ஓடத் தொடங்கும் எல்லையில்தான், அதுவும் இவ்வளவு சிரமப்பட்டுத்தான், நேரடி அளவை கைகூடும் என்பதையே நிரூபிக்கிறது. கண்ணாடிக்குக் கிரிஃபித் 1920இல் செய்ததும் இதுதான்: குளிர்ந்த கண்ணாடியில் அளக்க வழியில்லாமல், சூட்டில் இளகிய கண்ணாடி இழைகளில் அளந்து, அங்கிருந்து கோட்டை நீட்டி அறை வெப்பநிலைக்கு ஓர் எண்ணை மதிப்பிட்டார். இன்று பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் டன் டன்னாகக் கண்ணாடி வார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் பரப்பு ஆற்றலைக் குளிர்ந்த நிலையில் இரண்டு விநாடியில் சொல்லிவிடும் கருவி இன்றும் எவரிடமும் இல்லை. ரஷ்யரான ஒப்ரெய்மொஃப் 1930இல் வேறு பாதையில் போனார்: காக்காய்ப்பொன் எனும் மைக்காவின் ஏட்டை ஆப்பு வைத்துப் பிளந்து, பிளக்க ஆன வேலையிலிருந்து பரப்பு ஆற்றலைக் கணக்கிட்டார். காற்றில் பிளந்தால் ஓர் எண், காற்றை வெளியேற்றிவிட்டுப் பிளந்தால் அதைவிடப் பல மடங்கு பெரிய எண். பிளந்த கணத்திலேயே காற்றிலுள்ள ஈரமும் வாயுக்களும் புதிய முகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் ஆற்றலை இறக்கிவிடுகின்றன. நம் வசதிக்காக எந்தப் பரப்பும் தூய்மையாகக் காத்துக்கொண்டிருப்பதில்லை.

இந்த உண்மைகளுக்கு முன்னால் நிறுத்தினால் அவருடைய இரும்பு வாதம் பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. பவுடர் கோட்டிங்குக்கு முன் இரும்புத் தகட்டில் பேனா போட்டு 44 வந்தால் இரும்பின் பரப்பு இழுவிசை 44 என்று எழுதச் சொல்கிறார். செம்புக்கு 1400 என்று ஒரு பக்கத்தில் மேற்கோள் காட்டியவர், சில பத்திகள் தாண்டியதும் இரும்புக்கு 44 என்கிறார்! தூய இரும்பின் பரப்பு ஆற்றல் செம்பைவிடவும் கூடுதல். அதை அளக்க வேண்டுமானால் பேனாவுக்குள் உருகிய உலோகத்தைத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரே 72இல் நின்றுவிடுகிறது. பிறகு அந்த 44 எதன் எண்? தகட்டின் மேல் மிச்சமிருக்கும் எண்ணெயின் எண், விரல் பட்ட கறையின் எண், கழுவிய சோப்பின் எண். பேனா அங்கே அழுக்கை அளக்கிறது. அழுக்கை அளப்பது பயனுள்ள வேலை, அதை மறுக்கவில்லை. அழுக்கின் எண்ணுக்கு இரும்பு என்று பெயர் எழுதி நீட்டினால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

செவன் டேங்க் வைத்துக் கழுவிப் பாஸ்பேட் ஏற்றும் எந்த ஷாப்பிலும் கேட்டுப் பாருங்கள், தகட்டை நீரிலிருந்து தூக்கும்போது தண்ணீர் ஏடு உடையாமல் ஒரே போர்வையாக இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். எண்ணெய் இருந்தால் ஏடு உடையும். அவர்களுக்கே இன்னொன்றும் தெரியும்: கழுவும் சோப்பு மிச்சமிருந்தாலும் ஏடு உடையாது, ஆனால் பெயின்ட் பிறகு உரியும். அதாவது நன்றாக நனைவதும் நன்றாக ஒட்டுவதும் ஒன்றல்ல என்பது அந்தத் தொட்டியோரம் நிற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. அவர் கட்டுரையின் மொத்தக் கனமும் ‘நனைந்தால் ஒட்டும்’ என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது.

அந்த ஆணி ஃபிலிமிலும் கழன்றுவிடுகிறது. கரோனாவை அளவுக்கு மீறிக் கொடுத்தால் பேனா 44, 46 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் மின்பொறி பாலிமர்ச் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக அறுத்து, மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறிய குட்டைத் துணுக்குகளைத் தூசுபோலப் படியவிட்டிருக்கும். மை அந்தத் துணுக்குகளின் மேல் அருமையாகப் பரவும். டேப்பை ஒட்டி இழுத்தால் துணுக்குகளோடு சேர்ந்து மையும் வரும். எண் கூடியது, ஒட்டுதல் குறைந்தது. கட்டுரையாளரின் தருக்கப்படி இங்கேயும் குற்றவாளி அச்சடித்தவன்தான். பேனாதான் சாட்சி சொல்லிவிட்டதே!

கட்டுரையின் நடுவில், போகிறபோக்கில், ஓர் உண்மையை அவரே வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். ட்ரீட்மெண்ட் நாளாக ஆக இறங்கும், பழைய ரோலை எடுக்கும்போது கவனம் தேவை என்கிறார். சரியான எச்சரிக்கை. ஃபிலிம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் எருகமைடு போன்ற வழுக்குப் பொருள்கள் உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து படிகின்றன. ஆக்சிஜன் ஏறிய தொகுதிகளும் தலையை உள்பக்கம் திருப்பிக்கொள்கின்றன. கோடவுனின் சூடு இதை விரைவுபடுத்தும். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் ரோலின் கதியைச் சொல்லவே வேண்டாம். ஆனால் இதை ஒப்புக்கொண்ட கணத்திலேயே எடையைப் போல உறுதியான எண் என்ற முதல் வரி செத்துவிட்டது. கோடவுனில் சும்மா கிடக்கும்போதே 40இலிருந்து 35க்கு இறங்கும் ஒன்று பொருளின் நிலையான பண்பா, அல்லது அதன் அன்றைய நிலைமையா? அன்றைய நிலைமை என்றால் எந்த நாளின் எண் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்? தயாரித்த நாளா, லாரியிலிருந்து இறக்கிய நாளா, மெஷினில் ஏற்றிய நாளா?

ஃபிலிம் உற்பத்தியாளரின் சான்றிதழில் இருக்கும் எண்ணே போதும் என்று அவர் எழுதுகிறார். இங்கேதான் கட்டுரையின் உள்நோக்கம் முகம் காட்டுகிறது. பிராண்டு உரிமையாளர் ஃபிலிமைப் பெரிய ஆலையில் வாங்கி, அச்சடிக்க மட்டும் நம் பக்கத்துச் சிறு பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக அனுப்புகிறார். ரோல் ஆலையிலிருந்து வந்த நாளில் 40. மூன்று மாதம் யாருடைய கோடவுனிலோ கிடந்து மெஷினில் ஏறும் நாளில் 35. மை உரிகிறது. லாட் ரிஜெக்ட். ஃபிலிமின் விலையும் மையின் விலையும் கூலியும் சேர்ந்து டெபிட் நோட்டாகப் பட்டறைக்காரர் தலையில் இறங்குகிறது. அவர் கையில் சான்றிதழ் இல்லை, ஆலையின் கையில் இருக்கிறது. இறுதிச் சாட்சி என்று கட்டுரை முன்மொழியும் விதி இந்த ஏற்பாட்டைக் கல்வெட்டாக்குகிறது. ஆலைக்கு அது கேடயம், பிராண்டுக்கு அது வசூல் சீட்டு. யங்கும் சிஸ்மனும் இந்த வசூலுக்கு எப்போது கையெழுத்துப் போட்டார்கள்?

தொழிலாளியின் கையைக் குறைசொல்லும் வரிகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்தக் கை எதைத் தொடுகிறது என்று கட்டுரையாளர் ஒரு சொல் எழுதியிருக்கலாம். சோதனைத் திரவங்கள் மரபாக இரண்டு பொருள்களின் கலவை: ஃபார்மமைடு, எத்தில் செல்லோசால்வ். இரண்டுமே கருவளத்தையும் கருவையும் பாதிக்கக்கூடியவை என்று வகைப்படுத்தப்பட்டவை. கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். ஷிஃப்டு முழுவதும் ரோல் ரோலாகப் பேனா போடும் பெண்கள் எத்தனை பட்டறைகளில் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்பதை இப்பகுதியில் நடமாடும் எவரும் அறிவார்கள். அந்தப் பெண்களின் கவனக்குறைவைப் பற்றி நான்கு பத்தி எழுத நேரம் இருந்தவருக்கு, அவர்கள் சுவாசிப்பதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத நேரம் இல்லாமல் போயிற்று.

அப்படியானால் பேனாவைத் தூக்கி எறியச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. இந்தச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி 2578 என்ற தரநிலை இருக்கிறது. அதைப் படித்தால் கட்டுரையாளரின் பல பத்திகள் எழுதப்படாமலே போயிருக்கும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஃபிலிம்களுக்கு மட்டும் எழுதப்பட்டது அது, இரும்புக்கு அல்ல. தான் அளப்பதைத் திடத்தின் பரப்பு இழுவிசை என்று அது அழைக்கவில்லை, நனைதல் இழுவிசை என்கிறது. 23 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் செய்யச் சொல்கிறது. ஃபார்மமைடு ஈரத்தை உறிஞ்சும் திரவம் என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடி திறந்து கிடக்கும் குப்பியின் எண்ணை நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் புதிய பஞ்சுக் குச்சியால் தொடச் சொல்கிறது; முந்தைய ஃபிலிமின் வழுக்குப் பொருள் திரவத்துக்குள் போய்விடக் கூடாதல்லவா. பேனாவின் முனையோ காலையிலிருந்து நூறு ரோலின் முகத்தைத் தடவிவிட்டு அதே முனையோடு நூற்றொன்றாவது ரோலுக்குத் தீர்ப்புச் சொல்கிறது. தரநிலை வகுத்தவர்கள் தங்கள் அளவையின் எல்லையை அறிந்து எழுதினார்கள். அந்த அடக்கத்தைப் பின்பற்றியிருந்தால் கட்டுரையாளருக்கு மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது வேறு. ரோல் பட்டறைக்குள் வரும் நாளில், இரு தரப்பும் நிற்க, மாதிரி வெட்டிப் பார்க்க வேண்டும். திரவத்தின் காலாவதித் தேதியும் அறையின் வெப்பமும் ஈரமும் எண்ணோடு சேர்ந்து எழுதப்பட வேண்டும். உண்மையான மையை அடித்து, காயவிட்டு, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்ததுதான் ஒட்டுதலுக்குச் சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். ட்ரீட்மெண்ட் தேதிக்குப் பிறகு இத்தனை வாரம் தாண்டிய ரோலை அச்சுக்கு அனுப்பினால் பொறுப்பு அனுப்பியவருக்கு என்று ஒரு வரி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே 1968இல் வந்த நிறுவனம். மாதிரியை இரு தரப்பும் முத்திரை வைத்து அங்கே அனுப்பலாம்.

கட்டுரையாளருக்கு இன்னும் தம் எண்ணின் மேல் நம்பிக்கை இருந்தால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கோடவுனில் சில மாதம் கிடந்த ஒரே ரோலிலிருந்து மூன்று துண்டு வெட்டட்டும். மூன்று கம்பெனிகளின் பேனாக்களை வாங்கி, ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பட்டறையில் பல வாரம் புழங்கியபிறகும் ஒன்றை மழைநாளில் மூடி திறந்து வைத்தும் கோடு இழுக்கட்டும். வரும் எண்களை அப்படியே, ஒன்றையும் நீக்காமல், அதே இதழில் அச்சிடட்டும். அவற்றில் எது பாலிஎத்திலீனின் பரப்பு இழுவிசை என்பதையும், அந்த எண்ணை வைத்து எந்தப் பட்டறைக்காரருக்கு டெபிட் நோட்டு அனுப்புவார் என்பதையும், தம் பெயரைப் போட்டே எழுதட்டும்.